கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டியவர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வெளிநாட்டில் ஒரு சிறு கல்வித் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பது. ஐ.நா. அமைப்புகளைப் பற்றியோ, பல நாடுகளில் கிளை பரப்பிய பெரிய நிறுவனங்களைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அவற்றுக்கென்று விதிகள் உண்டு, தணிக்கை உண்டு, தவறு நடந்தால் கேட்க ஆள் உண்டு. நான் பேசப் போவது பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற, ஒரு மாவட்டத்தில் சில பள்ளிகளை மட்டும் பார்த்துக்கொள்கிற, வாடகை வீட்டின் முன்னறையையே அலுவலகமாக வைத்திருக்கிற நிறுவனங்களைப் பற்றி. கென்யாவில் இப்படிப்பட்டவை உண்டு. நேபாளத்தில் உண்டு. கம்போடியாவில் உண்டு. அங்கெல்லாம் ஆண்டுதோறும் இளைஞர்கள் போகிறார்கள். சிலர் சம்பளத்துக்குப் போகிறார்கள், சிலர் தங்கள் கைப்பணத்தைச் செலவழித்துப் போகிறார்கள். போகிறவர்களின் நெஞ்சில் இருப்பது நல்லெண்ணம். அதில் எனக்கு ஐயமே இல்லை. என் கேள்வி வேறு. போய் என்ன செய்வது? எந்த வேலையைச் செய்தால் அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும்? எந்த வேலையைச் செய்தால் நீங்கள் விமானம் ஏறிய மறுநாளும் அந்த வகுப்பு நடக்கும்? இந்தக் கேள்விக்கு என்னுடைய விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து போகிறவரின் இடம் கரும்பலகைக்கு முன்னால் இல்லை. அங்கே நிற்க வேண்டியவர் அந்த ஊர் ஆசிரியை. அவர் நன்றாக நிற்பதற்கு வேண்டியதையெல்லாம் பின்னாலிருந்து செய்வதுதான் போகிறவரின் வேலை. இதை நான் வெறும் உணர்ச்சியால் சொல்லவில்லை. முப்பது ஆண்டு காலமாகச் சேர்ந்திருக்கிற சான்றுகள் இருக்கின்றன. அவற்றைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

ஒரு மனிதரிலிருந்து தொடங்குவோம். மைக்கேல் க்ரெமர் என்ற அமெரிக்க இளைஞர் 1985ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். வாங்கியதும் மேற்குக் கென்யாவில் எஷிசிரு என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் ஓராண்டு ஆசிரியராக இருந்தார். திரும்பி வந்து, தன்னைப் போன்ற இளைஞர்களை வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக அனுப்புவதற்காக வேர்ல்டுடீச் என்ற அமைப்பைத் தொடங்கினார். இதுவரை இது எத்தனையோ நல்ல இளைஞர்களின் கதைதான். பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். பொருளாதாரம் படித்து முடித்து, தொண்ணூறுகளின் நடுவில் அவர் மறுபடி மேற்குக் கென்யாவுக்குப் போனார். புசியா மாவட்டத்தில் ஐ.சி.எஸ். என்ற டச்சுத் தொண்டு நிறுவனம் பள்ளிகளுக்கு உதவிக்கொண்டிருந்தது. அதில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், புதிதாக ஏழு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து உதவப் போவதாகச் சொன்னார். ஏழுக்குப் பதிலாகப் பதினான்கைத் தேர்ந்தெடுங்கள், பாதிக்கு முதலில் கொடுங்கள், மீதிக்குப் பின்னால் கொடுங்கள், இரண்டையும் ஒப்பிட்டால் நீங்கள் கொடுப்பது பிள்ளைகளுக்குப் பயன்படுகிறதா என்று தெரிந்துவிடும் என்றார் க்ரெமர். அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. தன் உதவி வீணாகப் போயிருக்கலாம் என்ற செய்தி வெளியே வந்தாலும் வரட்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் துணிந்தது பெரிய செயல் என்பேன். அந்தத் துணிவிலிருந்து பிறந்த ஆராய்ச்சி முறைக்குத்தான் 2019ஆம் ஆண்டு க்ரெமருக்கும் அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டூஃப்ளோவுக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

புசியாவில் என்ன கண்டார்கள்? கவனித்துக் கேளுங்கள். அந்தப் பள்ளிகளில் பாடப் புத்தகங்கள் இல்லை. பல பிள்ளைகள் ஒரே புத்தகத்தை எட்டிப் பார்த்துப் படித்தார்கள். யாராக இருந்தாலும் என்ன செய்வோம்? புத்தகம் வாங்கிக் கொடுப்போம். நீங்களும் கொடுப்பீர்கள், நானும் கொடுப்பேன். அந்த நிறுவனமும் கொடுத்தது. சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் நன்றாகப் படித்தார்கள். மற்றவர்களுக்குப் புத்தகம் கையில் இருந்தும் பயனில்லை. ஏன்? புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்த வட்டாரப் பிள்ளைக்கு வீட்டில் பேசும் மொழி ஒன்று, சுவாஹிலி இரண்டாவது, ஆங்கிலம் மூன்றாவது. நைரோபியின் வசதியான வீட்டுப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதிய பாடத்திட்டம் எல்லைப்புற மாவட்டத்துப் பிள்ளையின் மடியில் வந்து விழுந்தது. அடுத்து, சுவரில் மாட்டும் படத் தாள்கள். 178 பள்ளிகளில் பாதிக்குக் கொடுத்தார்கள். படத் தாள்கள் இருந்த பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் வழக்கமான முறையில் ஒப்பிட்டபோது நல்ல பலன் இருப்பதாகத் தோன்றியது. குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது பலன் ஒன்றும் இல்லை. முதல் ஒப்பீட்டோடு நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? நன்கொடையாளர்களுக்கு அழகான அறிக்கை போயிருக்கும். இன்னும் ஆயிரம் பள்ளிகளுக்குப் படம் வாங்கியிருப்பார்கள். பிள்ளைகள் அங்கேயே நின்றிருப்பார்கள்.

1998ஆம் ஆண்டு தொடங்கிய குடற்புழு மருந்துத் திட்டத்தையும் சொல்ல வேண்டும். 75 பள்ளிகள், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பள்ளிக்கு வராமல் இருப்பது ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. தேர்வு மதிப்பெண் உயரவில்லை. அந்த ஆய்வின் கணக்கில் சில பிழைகள் இருந்ததைப் பின்னாளில் வேறு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள், பெரிய விவாதம் நடந்தது. நடக்கட்டும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். பிள்ளை பள்ளிக்கு வராததற்கு வயிற்றுப் புழு ஒரு காரணமாக இருக்கலாம் என்று வெளியூரிலிருந்து வந்த எந்த ஆங்கில ஆசிரியருக்குத் தோன்றியிருக்கும்? நல்லெண்ணத்துக்குக் கண் போதாது. கேட்க வேண்டும், எண்ண வேண்டும், ஒப்பிட வேண்டும். ஓராண்டு வகுப்பெடுத்த ஆசிரியராகச் செய்ததைவிட, பின்வரிசையில் நின்று கேள்வி கேட்டவராக க்ரெமர் அந்த மாவட்டத்துக்குச் செய்தது பல மடங்கு பெரிது என்பது என் தீர்மானமான கருத்து.

பின்வரிசையில் நிற்பது சரி, முன்வரிசையில் யார் நிற்பது என்று கேட்பீர்கள். அதற்கும் சான்று இருக்கிறது, அது நம் நாட்டிலிருந்தே வருகிறது. மும்பையில் தொண்ணூறுகளில் தொடங்கிய பிரதம் என்ற நிறுவனம், மாநகராட்சிப் பள்ளிகளில் எழுத்துக் கூட்டத் தெரியாத மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் வைத்தது. பால்சகி, அதாவது பிள்ளைகளின் தோழி என்று பெயர். யார் இந்தத் தோழிகள்? அதே பகுதியில் வசித்த, பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள். இரண்டு வாரப் பயிற்சி. பின்தங்கிய பிள்ளைகள் ஏறத்தாழ இருபது பேரை வகுப்பிலிருந்து தனியே அழைத்துப் போய், நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தையும் எண்ணையும் கற்றுக்கொடுத்தார்கள். மும்பையிலும் வதோதராவிலும் இதை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். பலன் தெளிவாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் அது முதல் ஆண்டைப் போல இரு மடங்கானது. அதிகப் பலன் பெற்றவர்கள் யார்? புசியாவில் புத்தகத்தால் பயன்பெறாமல் போனார்களே, அந்தக் கடைசி வரிசைப் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான். புத்தகம் முதல் வரிசைக்குப் போயிற்று. அந்த ஊர்ப் பெண் கடைசி வரிசைக்குப் போனாள். இதே முறை பின்னர் கானாவுக்கும் ஜாம்பியாவுக்கும் போனது.

வங்காள தேசத்தைப் பாருங்கள். பிராக் நிறுவனம் 1985ஆம் ஆண்டு 22 ஓரறைப் பள்ளிகளைத் தொடங்கியது. பத்தாம் வகுப்பு வரை படித்த, அந்தக் கிராமத்திலேயே வாழ்க்கைப்பட்டிருந்த பெண்கள்தான் பெரும்பாலும் ஆசிரியைகள். வகுப்புக்கு முப்பது பிள்ளைகள் அளவில். ஒரே ஆசிரியை அந்தப் பிள்ளைகளோடு தொடக்கம் முதல் கடைசி வரை இருப்பார். அந்த 22 பள்ளிகள் பிறகு பல்லாயிரமாகப் பெருகின. அண்மைக் காலத்துக்கு வருவோம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வி என்று மாலை வகுப்புகளைத் தொடங்கியது. தெருவில் இருக்கும் படித்த பெண்கள்தான் பெரும்பாலும் நடத்தினார்கள். ஏறத்தாழ 19,000 கிராமத்துப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்றும் சொன்னது. மும்பை, வங்காள தேசம், தமிழ்நாடு. மூன்று இடம், மூன்று காலம், மூன்று வகை நிர்வாகம். எங்கும் பலன் தந்தவர் யார்? பக்கத்துத் தெருப் பெண்.

ஏன் இப்படி? அவள் மேதை என்பதாலா? இல்லை. அவளுக்குப் பிள்ளையின் மொழி தெரியும். பிள்ளை இன்று ஏன் வரவில்லை என்று தெரியும். அம்மா வயல் வேலைக்குப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்துவிட்டது என்று விசாரிக்காமலே தெரியும். பிள்ளையின் தாயிடம் உரிமையோடு போய்ச் சண்டை போட முடியும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாள். எழுதப் படிக்கக் கற்பது மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நடக்கிற காரியம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியர் மாறினால் பிள்ளை ஒவ்வொரு முறையும் முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறது. புதிய முகம், புதிய பாட்டு, மறுபடியும் அதே எழுத்துகள். வந்தவருக்கு அது முதல் நாள். பிள்ளைக்கு எத்தனையாவது முதல் நாள்?

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். அவற்றை ஒதுக்கிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. முதல் எதிர்வாதம் பணத்தைப் பற்றியது. சிறு நிறுவனம் நடத்துகிறவர்கள் சொல்வார்கள்: ஐயா, வெளிநாட்டார் வந்து பிள்ளைகளோடு நான்கு நாள் இருந்தால்தான் அவர்களுக்குப் பாசம் வரும், பாசம் வந்தால்தான் பணம் வரும், பணம் வந்தால்தான் பள்ளி நடக்கும், நீங்கள் சொல்கிறபடி அவர்களைப் பின்னால் நிறுத்தினால் பள்ளியையே மூட வேண்டியதுதான். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. ஆனால் இந்த வாதத்தை அதன் போக்கிலேயே விட்டால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குக் கம்போடியா சாட்சி. 2005 முதல் 2010 வரை ஐந்தே ஆண்டுகளில் அந்த நாட்டில் அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்த ஆண்டுகளில் போர் இல்லை, பெரும் பஞ்சம் இல்லை. கூடியது சுற்றுலாப் பயணிகளின் வரவு. யூனிசெஃப் துணையோடு 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு அருகில் உள்ளவர்களுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். பெற்றவர்கள் ஏன் அனுப்பினார்கள்? படிப்புக் கிடைக்கும் என்று அனுப்பினார்கள். அனாதைகள் இருந்ததால் இல்லங்கள் வந்தன என்பது போய், இல்லங்களுக்குக் கொடுக்கப் பணம் வந்ததால் அனாதைகள் உண்டாக்கப்பட்டார்கள்.

நேபாளத்திலும் இதுவே நடந்தது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். காத்மாண்டில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம் என்று சொல்லிப் பெற்றோரிடமே பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். பிள்ளைகள் வந்து சேர்ந்தது இல்லங்களில். அந்த இல்லங்களில் பெரும்பாலானவை எங்கே இருந்தன? ஏழ்மை மிகுந்த மாவட்டங்களில் அல்ல, சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கும் சில மாவட்டங்களில். 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்தபோது, பிள்ளைகளை உரிய அனுமதி இல்லாமல் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கூடாது என்று நேபாள அரசு தடுக்க வேண்டியிருந்தது, இந்த அனுபவத்தால்தான். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2017ஆம் ஆண்டு இதை விசாரித்து, நவீன அடிமை முறையின் ஒரு வடிவமாகவே இதைப் பார்க்க வேண்டும் என்றது. 2019ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச் சபையும் அனாதை இல்லங்களை ஒட்டி நடக்கும் பிள்ளைக் கடத்தலைத் தடுக்க வேண்டும் என்றது. தென்னாப்பிரிக்க வட்டாரத்தைப் பற்றி லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், வந்து வந்து போகிற தொண்டர்களிடம் ஒட்டி ஒட்டிப் பிரியும் சிறு குழந்தையின் மனம் என்ன ஆகும் என்று எச்சரித்திருந்தார்கள். அன்பர்களே, பள்ளிக்கூடம் அனாதை இல்லமன்று என்பது எனக்குத் தெரியும். எல்லாச் சிறு நிறுவனங்களும் இப்படி என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் பார்க்க வருகிறவரின் மனநிறைவை வைத்துப் பணம் திரட்டினால், அந்த மனநிறைவுக்கு ஏற்றபடி பிள்ளைகளின் நாள் மாறிப்போகும். பாட நேரம் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் போகும். நோஞ்சானாக இருக்கிற பிள்ளை முன்வரிசைக்கு வரும். பணத்துக்கு வேறு வழி உண்டு: பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்ற கணக்கைக் காட்டிக் கேட்பது. மெதுவாகத்தான் வரும். ஆனாலும் அந்த வழியைத்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் ஆங்கிலம். பெற்றோர்களே ஆங்கிலம் கேட்கிறார்கள், ஆங்கிலம் பேசுகிறவர் வந்தால் கூடாது என்கிறீர்களா என்பார்கள். ஏழைத் தாய் தன் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. உலகம் அவளுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனால் தாய்மொழியில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கில எழுத்தை மனப்பாடம் செய்வித்தால் இரண்டும் நிற்காது; புரியாத ஆங்கிலத்தால் பிள்ளைக்குப் பயனில்லை என்பதைப் புசியாவின் புத்தகங்கள் காட்டிவிட்டன. அந்த ஊர் ஆசிரியையின் ஆங்கிலத்தை வளர்த்துவிடுங்கள். மாலையில் அவரோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். அவர் முப்பது ஆண்டு பாடம் நடத்துவார்.

மூன்றாவது எதிர்வாதம்தான் மூன்றிலும் பலமானது. உள்ளூரில் ஆசிரியரே இல்லையென்றால் என்ன செய்வது? கானாவைச் சொல்வார்கள். 1957ஆம் ஆண்டு விடுதலை பெற்ற அந்த நாட்டில் மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர் பற்றாக்குறை. அமெரிக்காவின் பீஸ் கோர் தொண்டர் அமைப்பு 1961 ஆகஸ்டில் தன் முதல் அணியை அக்ராவுக்குத்தான் அனுப்பியது. ஏறத்தாழ ஐம்பது பேர், பள்ளி ஆசிரியர்களாக. ஒப்புக்கொள்கிறேன். அது நியாயமான வேலை. ஆனால் அது எப்படி நடந்தது என்று பாருங்கள். கேட்டது அந்த நாட்டு அரசு. போனவர்கள் பயிற்சி பெற்றுப் போனார்கள். விமானத்திலிருந்து இறங்கியதும் அந்த ஊர்த் துவி மொழியிலேயே ஒரு பாட்டைப் பாடிக் காட்டுகிற அளவுக்காவது மொழியைப் பழகியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். அழைப்பு, தகுதி, மொழி, காலம் என்ற நான்கும் இருந்தால் நீங்கள் கரும்பலகைக்கு முன்னால் நில்லுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்? பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிரெயில் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தெரிந்தவர் அந்த மாவட்டத்திலேயே இல்லை என்றால் போய்க் கற்றுக்கொடுங்கள். அப்போதும் ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் ஓர் ஆசிரியையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

இங்கே என் பக்கத்தையே உறுத்துகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உள்ளூர்ப் பெண், உள்ளூர்ப் பெண் என்று புகழ்கிறோமே, அவளுக்கு என்ன கொடுத்தோம்? பால்சகிக்கு மாதம் 500 முதல் 750 ரூபாய் வரை. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். 2005ஆம் ஆண்டு மேற்குக் கென்யாவில் 140 தொடக்கப் பள்ளிகளுக்கு ஒப்பந்த ஆசிரியர்களை அமர்த்திக்கொள்ளப் பணம் கொடுத்தபோது, அவர்களின் சம்பளம் அரசு ஆசிரியர் சம்பளத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. அவர்கள் வகுப்புக்கு ஒழுங்காக வந்தார்கள், பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். குறைந்த கூலிக்கு நிறைந்த வேலை. இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று கைதட்டினால் அது அநியாயம். அந்த அநியாயத்துக்கு ஓர் எல்லையும் உண்டு என்பது பின்னால் தெரிந்தது. கென்யா அரசு 18,000 ஒப்பந்த ஆசிரியர்களை அமர்த்த முனைந்தபோது ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. அதையொட்டி நடந்த ஆய்வில், தொண்டு நிறுவனம் இத்திட்டத்தை நடத்திய பள்ளிகளில் கிடைத்த பலன், அரசே அதை நடத்திய பள்ளிகளில் கிடைக்கவில்லை. உள்ளூர் ஆள் என்பது மட்டும் போதாது. மேற்பார்வை வேண்டும், நேரத்துக்குச் சம்பளம் வேண்டும், மரியாதை வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், வெளியிலிருந்து போகிறவரின் முதல் கடமைகளில் ஒன்று அந்த ஆசிரியையின் சம்பளத்தை உயர்த்தப் பாடுபடுவது. ஒருவர் மூன்று வாரம் போய்வர விமானத்துக்கும் விசாவுக்கும் தங்குமிடத்துக்கும் ஆகிற செலவைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை அங்கே எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குப் போடுங்கள். கணக்குப் போட்ட பிறகும் போகத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

அப்படியானால் பின்னால் நின்று செய்ய வேலைதான் என்ன? நிறைய இருக்கிறது. சிறு நிறுவனத்தில் எப்போதும் ஆள் இல்லாமல் கிடப்பது அலுவலக மேசைதான். கணக்குப் புத்தகம் எழுத ஆள் இல்லை. நன்கொடை கேட்டு எழுத வேண்டிய விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. எந்தப் பிள்ளை எந்த நிலையில் படிக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக் குறித்து வைக்க ஆள் இல்லை. குழந்தைகளின் பாதுகாப்புக்கு எழுதிய விதி இல்லை: யார் பிள்ளைகளோடு தனியாக இருக்கலாம், யார் படம் எடுக்கலாம், புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று எதுவும் இல்லை. அந்த மொழியில் கதைப் புத்தகம் இல்லை. ஜான் வுட் தொடங்கிய ரூம் டு ரீட் நிறுவனம் முதலில் நேபாளத்துக்கு ஆங்கிலப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு போனது. பிறகு அந்த ஊர் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கொண்டு அந்த ஊர் மொழியில் புத்தகம் போடத் தொடங்கியது. இவையெல்லாம் படம் எடுத்துக் காட்டக்கூடிய வேலைகள் அல்ல. யாரும் கட்டிப்பிடித்து வழியனுப்ப மாட்டார்கள். ஆனால் இவை நடக்காவிட்டால் நிறுவனம் ஒற்றை மனிதரின் பெயரில் தொங்கும். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பள்ளிகள் கட்டிய கிரெக் மார்ட்டென்சனின் நிறுவனத்தைப் பற்றி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2012ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டார். நிறுவனத்தின் நோக்கம் நல்லதுதான் என்று அந்த அறிக்கையே சொன்னது. பணக் கணக்கில்தான் கட்டுப்பாடு இல்லை. ஏறத்தாழப் பத்து லட்சம் டாலரை அவர் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சின்ன நிறுவனம், பெரிய பெயர், கேள்வி கேட்காத நிர்வாகக் குழு என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் நல்ல நோக்கமும் காப்பாற்றாது. கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் அங்கே செய்கிற சேவை, பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் பத்துப் பேரின் சேவைக்குக் குறைந்ததன்று.

கடைசியாக, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். நீங்கள் ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள், போகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்பார்கள். சிந்தனையாளர் இவான் இல்லிச் 1968ஆம் ஆண்டு மெக்சிகோவில், தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களின் முன்னால் நின்று ஏறத்தாழ அதைத்தான் சொன்னார். அவர் சொன்னதன் கூர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணம் மறுபடியும் சான்றுதான். டச்சு நிறுவனம் புசியாவுக்குப் போகாதிருந்தால் அந்தக் கேள்விகள் எழுந்திருக்காது. வங்காள தேசத்து பிராக் நிறுவனம் 2002ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானுக்குப் போனது, பிறகு உகாண்டாவுக்குப் போனது. ஏழை நாட்டவர் தங்கள் கிராமத்தில் கற்றதை இன்னோர் ஏழை நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மும்பைக் குடிசைப் பகுதியில் உருவான முறையை ஜாம்பியாவின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இன்று நடத்துகிறார்கள். அறிவு எல்லை தாண்ட வேண்டும், தாண்ட ஆள் வேண்டும். போகிறவர் எந்த நாற்காலியில் உட்காருகிறார் என்பது மட்டும்தான் கேள்வி.

ஆகவே இளைஞர்களே, புறப்படுவதற்கு முன் அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் தங்குமிடத்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் பின்னால் கேட்டுக்கொள்ளலாம். இப்போது இருக்கிற ஆசிரியைகள் எத்தனை பேர், எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், அவர்களுக்கு மாதம் என்ன சம்பளம், அது எந்தத் தேதியில் போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கக் கற்கிறார்கள் என்று கேளுங்கள். சென்ற ஆண்டின் கணக்கறிக்கையை அனுப்பச் சொல்லுங்கள். எந்த விசாவில் வர வேண்டும் என்று கேளுங்கள். நேபாளத்தில் சுற்றுலா விசாவில் தொண்டு வேலை செய்வதே சட்டத்துக்குப் புறம்பு. உங்கள் இடத்துக்கு அந்த ஊரிலேயே தகுதியான ஒருவரைத் தேடினார்களா என்றும் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் ஒரு வாரத்தில் பதில் அனுப்பும். பதில் வராத இடத்துக்கு நீங்கள் போக வேண்டாம். பதில் அனுப்பிய இடத்துக்கு இரண்டு ஆண்டு இருப்பதாகச் சொல்லிப் புறப்படுங்கள். அதற்குள் அந்த மொழியைப் படிக்கத் தொடங்கிவிடுங்கள்.